ரஃபியா வைத்த ஸ்டேட்டஸ்

புருஷன் எழுதும் செய்தியில் ரஃபியாவுக்கு ஒரே ஒரு குறைதான். அதில் அவன் பெயர் இருக்காது. அப்துல் வாஹித் உத்தமபாளையத்தில் பதினோரு வருஷமாகப் பகுதி நேர நிருபர். வெயிலில் அலைந்து எழுதுவது அவன், பேப்பரில் வருவதோ 'நமது நிருபர்'. இது என்ன நியாயம் என்று அவளுக்கு எப்போதும் பொருமல்தான்.

கண்மாயில் செம்மண் திருடுவதை அவன் படத்தோடு எழுதி, அது முதல் பக்கத்திலேயே வந்தபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இது எங்க மச்சான் அப்துல் வாஹித் எழுதுனதாக்கும்!" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். அவள் பிளவுஸ் தைப்பவள். ஊரில் பாதிப் பெண்களின் நம்பர் அவள் போனில் உண்டு. அந்த மண்ணை அள்ளிய டிப்பர் லாரி கர்ணனுடைய பெண்சாதி நம்பரும் இருந்தது.

மறுநாள் காலையில் அந்த நம்பரிலிருந்து பதில் வந்தது. "நல்லா எழுதுறாரு. ரோட்டுல பாத்துப் போகச் சொல்லுங்க." பாவி மகள், அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பி வைத்தாள்.

அன்று மதியமே வாஹித் அனுமந்தன்பட்டி ரோட்டோரப் பள்ளத்தில் பைக்கோடு கிடந்தான். அல்லாஹ் காவல், வலது கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நாய் குறுக்கே வந்தது என்றான். பைக்கின் பின்பக்கம் அப்பளமாய் நொறுங்கியிருந்ததை ரஃபியா பார்த்துவிட்டாள். எந்த நாய் பின்னால் வந்து இடிக்கும்? பதினோரு வருஷம் உண்மையே எழுதியவனுக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டும்போது உடைந்துவிட்டாள்.

"நாந்தேன் மச்சான் உங்களக் காட்டிக்குடுத்தேன். ஸ்டேட்டஸ் வச்சுத் தொலைச்சேன்."

"அன்னிக்கே பாத்துட்டேன்," என்றான் வாஹித்.

"பாத்தீகளா? அப்பவே அழிக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லத்தேன் வந்தேன். மனசு வரல." அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "இத்தன வருசத்துல நான் எழுதுனதுல என் பேரு வந்தது அங்கன மட்டுந்தேன். ஒரு நா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கிறுக்கு மனுசா! செத்திருந்தா?" என்று அவன் தோளில் ஓங்கி அடித்தாள். வலியில் அவன் முனகியதும் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த மனுஷன் இல்லாமல் ஒரு நாள்கூடத் தன்னால் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"கண்மாய்ல இன்னிக்கும் லாரி நிக்கிதாம்," என்றான் மெதுவாக. "இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் எங்கிட்டு எழுத?"

ரஃபியா மூக்கைச் சிந்தினாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவன் போனை எடுத்தாள்.

"ஒங்கள லாரிக்காரந்தேன் இடிச்சான்னும் சேத்து எழுதுவீகளா?"

"பயமா இல்லியா ஒனக்கு?"

"ஈரக்கொலையே நடுங்குது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."