சீகா கடைசியில் கேட்டது

"அடியே, என் வீட்டு அடிமை எவ்வளவு உசரத்துல ஏறி உக்காந்திருக்கான் பாருங்கடி!"

எங்கள் தலைநகர் பாஞ்சுலின் உயர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு ஏறிச் சத்தியம் செய்ததும் சீகா ங்கோம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். அவள் விரல் நீதிபதி ஆன்சு சான்யாங்கை நோக்கி நீண்டிருந்தது.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். சாட்சி எந்த மொழியில் பேசினாலும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீதிபதி அதைத் தன் கையாலேயே எழுதிக்கொள்வார். வாயைத் திறந்தேன், மூடினேன்.

"என்ன டார்போ, தொண்டையில முள்ளா?" என்றார் நீதிபதி தலை நிமிராமல். "சாட்சி சொன்னதை அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். அவரும் எழுதினார். பின்வரிசைகளில் சிரிப்பு கிளம்பியது.

அவர் ஜோலா, அவள் செரேர். இரு இனத்தாருக்கும் இடையே காலங்காலமாகக் கேலி பேசும் முறை உண்டு. பார்த்த இடத்தில் அடிமை, தீனிப்பண்டாரம் என்று ஏசிக்கொள்ளலாம். கோபப்பட்டவர் தோற்றவர். ஆனால் அந்த முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கேலி முறைக்காரர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது.

எதிர்த்தரப்பான கடற்கரை ஓட்டலின் வக்கீல் தெஜான் சோவே அந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். விருட்டென்று எழுந்தார்.

"மை லார்ட் மேல எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. முறை மேலதான் சந்தேகம். இந்தம்மா கேட்டா மை லார்டால மறுக்க முடியாது. அதனால இந்த வழக்கிலிருந்து விலகிக்கணும்னு கேட்டுக்கறேன்."



சீகா தாஞ்சி கடற்கரையில் மீனுக்குப் புகை போடுகிறவள். அவளுடைய புகைக்கொட்டகை நிற்கும் இடம் தங்களுடையது என்றது பக்கத்து ஓட்டல். வழக்கு ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. நீதிபதியோ மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் இப்போது விலகினால் புதிய நீதிபதி முன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 'இந்த இடத்தை இவ மாமியாருக்குக் குடுத்ததே நான்தான்' என்று சீகாவுக்காகச் சாட்சி சொன்ன ஊர்த்தலைவர், போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். மறுபடி யார் வந்து சொல்வது? கொட்டகை போனது போனதுதான்.

சோவேக்கும் இது தெரியும். அதனால்தான் எழுந்தார்.

நீதிபதி பேனாவை மூடினார். அவர் விலகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஃபோனியின் நெல்வயல்களில் பிறந்து, ஃப்ரீடவுனில் சட்டம் படித்து, ஆற்றோர ஊர்களில் மாஜிஸ்திரேட்டாகப் படிப்படியாக ஏறி வந்தவர். போன ஊரிலெல்லாம் தனிக்கட்டை போலவே வாழ்ந்தார். குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு யார் கூப்பிட்டாலும் மரியாதைக்குக் கோலாக்கொட்டை அனுப்புவார், தான் போக மாட்டார். "இன்னிக்கு அவன் சட்டியில கை வச்சு சாப்பிட்டா, நாளைக்கு அவன் கூண்டுல நிப்பான் டார்போ" என்பார். அப்படிப்பட்ட மனிதர், கடைசி வழக்கில் பெயரைக் கெடுத்துக்கொள்வாரா?

"நியாயமான ஆட்சேபணை" என்றார்.

சீகாவின் கை தலைத்துணியை இறுக்கிப் பிடித்தது.

"டார்போ, அவங்ககிட்ட கேளுங்க. இந்த வழக்குல என்கிட்ட எதையாவது கேட்டாங்களா? இனிமே கேக்கப் போறாங்களா?"

கேட்டேன். ஒரு சொல் போதும், இடம் அவளுக்குத்தான் என்பது சீகாவுக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்தாள்.

"அடிமைகிட்டப் போய்க் கையேந்துறதா? கேட்டா குடுத்துருவான். அப்புறம் தாஞ்சியில ஒவ்வொருத்தியும் என்ன சொல்லுவா? சீகா ஜெயிச்சு வாங்கல, பல்லைக் காட்டி வாங்கினாம்பா. நான் கேக்கல. ஊர்த்தலைவர் சொன்னதை இவன் எழுதி வச்சிருக்கான்ல? அதைப் படிக்கச் சொல்லு. எழுத்துக் கூட்டத் தெரியும்தானே?"

சிரிப்பு அடங்குவதற்குள் சோவே பக்கம் திரும்பினாள்.

"ஏய் மாட்டுக்காரா! சோவேதானே உன் குடும்பப் பேரு? மாடு மேய்க்கிற ஃபுலா ஆளு. ஃபுலாக்காரனும் எனக்கு அடிமைதான்டா! இப்ப உன்கிட்ட கேக்கட்டுமா? கேஸை விட்டுட்டு வீட்டுக்குப் போடானு சொன்னா, போயிருவியா?"

சின்ன வயதிலிருந்தே வெளிநாட்டில் படித்த சோவே, தன் இனத்துக்கும் செரேருக்கும் அதே முறை உண்டென்பதை மறந்தே போயிருந்தார். முகம் கடுகடுத்தது. கோபப்பட்டால் தோல்வி என்பது மட்டும் எப்படியோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும், அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டார்.

"பயப்படாத. உன்கிட்டயும் கேக்க மாட்டேன்" என்றாள் சீகா.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், மாட்டுக்காரன் உட்பட. நீதிபதி எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"முறையைக் காரணமாக்கினா இந்த நாட்டுல ஒரு நீதிபதியும் உக்கார முடியாது, ஒரு வக்கீலும் நிக்க முடியாது. கேக்கலைனு சாட்சி சத்தியத்துல சொல்லியிருக்காங்க. மனு தள்ளுபடி. விசாரணையைத் தொடருங்க, மிஸ்டர் சோவே."

மாதக் கடைசிக்குள் தீர்ப்பு வந்தது. ஊர்த்தலைவரின் சாட்சிப்படி கொட்டகை சீகாவுக்கு. அதன் பின்னாலிருந்த மீன் உலர்த்தும் களம் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அது ஓட்டலுக்கு. இரண்டு தரப்பும் முணுமுணுத்தன. ஆனால் யாரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், "தாஞ்சி வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று சான்யாங் என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக் கஃப்தான் அங்கி போட்டிருந்தார். கொட்டகை வாசலிலேயே சீகா பிடித்துக்கொண்டாள்.

"வாடா திருடா! என் களத்தைப் பிடுங்கிட்டு எந்த மூஞ்சியோட வந்த?"

"முழுசையும் குடுத்திருந்தா நீ கடலையும் சேத்துப் புகை போட்டிருப்ப, மீன்கவிச்சிக்காரி!"

நான் அசந்துபோனேன். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை. சீகா தொடையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

"இப்ப நீ நீதிபதி இல்லையே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப கேக்கறேன். அந்த வரிசையில இருக்கற போங்கா மீன் அத்தனையையும் திருப்பிப் போடு. மறுக்க முடியாதுல்ல?"

கஃப்தான் கையை மடித்துக்கொண்டு புகைக்குள் குனிந்தார் ஆன்சு சான்யாங். முதல் மீனிலேயே விரலைச் சுட்டுக்கொண்டு ஜோலா மொழியில் ஏதோ கத்தினார்.

"என்ன சொல்றான்?" என்றாள் சீகா என்னிடம்.

புகைக்குள்ளிருந்து குரல் வந்தது: "டார்போ, அதை மட்டும் மொழிபெயர்க்காதீங்க!"