ஏழு பேர் குடியிருந்த தொண்டை

மனிதகுலத்தின் சமத்துவ வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய, வருங்காலத் தலைமுறைகள் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே அறிவிக்கப்படுகிறது: ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஏழு பெண்களின் குரல்கள், அவர்களுடைய உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த இருபத்துநாலு வயதுப் பெண்ணின் தொண்டைக்குள் குடியேறின. வாடகை, முன்பணம் எதுவும் பேசப்படவில்லை. அன்று லேசான தூறல் இருந்தது.

அவளை வீட்டில் அண்ணன் ‘தலைவி’ என்று கூப்பிடுவான். அது கிண்டல் என்று அவளுக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று. பேச்சு அவளுக்குத் திறமை என்பதைவிட, அடக்க முடியாத இருமல் என்பதே பொருத்தம். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் டீச்சர் கேட்கும் கேள்விக்கு இவள் எழுந்து பதில் சொல்லிவிட்டு, ஓர் ஏழைக்கு உதவிய திருப்தியோடு உட்காருவாள். அந்தப் பெண்ணுக்கும் பதில் தெரிந்திருக்கலாம் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. தாத்தா காலத்தில் இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த குடும்பம். எல்லோரும் நல்ல கறுப்பு. படிப்பு முடித்து ஒரு வங்கியில் வேலை கேட்டுப் போனபோது, நேர்காணல் செய்தவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்பக்கக் கவுண்டருக்கு வேண்டாம், பின்னறையில் வேண்டுமானால் இடமிருக்கிறது என்றார். அன்றைக்குத்தான் அவள் போராளியானாள். அந்தக் கோபத்தில் சிரிக்க எதுவுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததில்தான் நிறைய இருக்கிறது.

அவள் ஆரம்பித்த ‘சமத்துவ மேடை’ என்ற அமைப்பில் மொத்தம் ஐந்து பேர். ஐவருமே பொறுப்பாளர்கள், உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. பொருளாளர் ஒரு வெள்ளைத்தோல் இளைஞன், எல்லோரும் ‘தோழர்’ என்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவன் முதலில் எழுந்து, தான் இந்த நிறத்தில், அதுவும் ஆணாகப் பிறந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பான். மன்னிப்பு முடிய அரைமணி நேரம் ஆகும். அதற்குள் மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். போகிறவர்களும் பெரும்பாலும் கறுப்புப் பெண்கள்தான், அவர்களுக்கு வீட்டில் அடுப்பு வேலை இருக்கும்.

ஓட்டலின் விஷயம் எளிமையானது. வெளுத்த தோல் உள்ளவர்கள் மேலே வரவேற்பறையில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். கறுத்தவர்கள் கீழே, நிலவறைச் சலவைக்கூடத்தில் நீராவிக்குள் நின்றார்கள். கீழே போனால் அங்கேயும் ஒரு மேல் கீழ்: ஆண்கள் எல்லோரும் ஆபரேட்டர், பெண்கள் எல்லோரும் ஹெல்பர். படுக்கை விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் பெரிய ரோலர் இயந்திரத்தைப் பதினோரு வருஷமாக ஓட்டியவள் ஒரு பெண். அவளை எல்லோரும் ரோலர் அக்கா என்றே கூப்பிட்டார்கள், ஓட்டல் மட்டும் ஹெல்பர் என்றது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பையன்கள் ஆபரேட்டராகி, அவள் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு வாங்கினார்கள். தொழிலாளர் அதிகாரியிடம் புகார் கொடுப்பதென்று ஏழு பெண்களும் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் தலைவியைத் தேடி வந்து கேட்டது இவ்வளவுதான்: “எந்த ஆபீஸ், எந்த ஜன்னல்னு மட்டும் சொல்லும்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்.” அவள் ஜன்னலைச் சொல்லவில்லை. நாற்பது பக்க மனு எழுதினாள், மண்டபம் பிடித்தாள், பேனர் அடித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ரோலர் அக்கா பேச எழுந்தாள். தலைவி அவள் தோளை அன்போடு அழுத்தி, “அக்கா, நீங்க உக்காருங்க. உங்களுக்காக நான் பேசுறேன்” என்றாள். ரோலர் அக்கா வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. அடுத்து, துவைத்த துணிகளை மடித்து அடுக்கும் மடிப்பு மேசைக்காரி எழுந்தாள். அவளுக்கும் அதே அன்பு, அதே வாக்கியம். இப்படி ஒவ்வொருவராக எழ எழ, ஒவ்வொருவராக உட்காரவைக்கப்பட்டார்கள். தொண்டைக்குள் ஏதோ நிறைந்து வழிவதைத் தலைவி உணர்ச்சிப்பெருக்கு என்று எடுத்துக்கொண்டாள். மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் பலமாக இருந்தது. ஏழு பெண்கள் மட்டும் கைதட்டாமல் ஒருவர் தொண்டையை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டபோது அது ரோலர் அக்காவின் கட்டைக்குரலில் வந்தது. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “யாரு, உள்ள வாங்க” என்றாள். விஷயம் தெரிந்தபிறகும் அம்மா பதறவில்லை, ஏழு பேருக்கும் சேர்த்து இனிமேல் நீயே சமைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். டாக்ஸி ஓட்டும் அண்ணன் தினமும் காலையில், “என்ன தலைவி, இன்னிக்கு உள்ள யாரு டூட்டி?” என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினான். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, கூட்டம் அதிகமாக இருக்கிறது, இறங்கச் சொல்ல மருந்து எதுவும் கிடையாது, கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்து பாரம்மா என்றார். தன்னை ஒடுக்கும் நோக்கத்தோடு சொல்லப்பட்ட ஆலோசனை அது என்று அவள் வாசலிலேயே ஒரு சிறு உரை ஆற்றிவிட்டு வந்தாள். உரையின் நடுவே யாரோ ஒருத்தி உள்ளேயிருந்து கொட்டாவி விட்டாள்.

சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளருக்கு ஒரே சந்தோஷம். வேலை சத்தமில்லாமல் நடக்கிறது, இந்தப் போராட்டம் நீடூழி வாழட்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஏழு பேரில் கறை எடுக்கும் பெண்ணின் புருஷன் ஒரு பை ஆப்பிளோடு தலைவியின் வீட்டுக்கே வந்தான். “ரொம்ப நன்றிம்மா. பத்து வருஷத்துல இப்பதான் வீட்டுல நான் ஒரு வார்த்தை முழுசா பேசி முடிச்சேன்” என்றான். பெண்ணுரிமைக்கான அவளது உழைப்புக்கு முதன்முதலாகக் கிடைத்த பாராட்டு அதுதான். ஆனால் பதில் சொல்ல அவள் வாயைத் திறந்ததும் அவன் மனைவியின் குரல் வந்து, ஆப்பிள் என்ன விலை, எந்தக் காசில் வாங்கினாய், வீட்டுக்கு ஒன்றாவது வாங்கினாயா என்று வரிசையாகக் கேட்டது. அவன் பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

குரல்கள் உள்ளே சும்மா இருக்கவில்லை. நகரமன்றக் கருத்தரங்கில் அவள் ‘கட்டமைப்புசார் ஒடுக்குமுறை’ என்று ஆரம்பித்தபோது ரோலர் அக்கா குறுக்கிட்டு, “இந்தப் பொண்ணு நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டா தேவலை” என்றாள். உடனே வேறொருத்தி, பெண்கள் கழிவறைச் சாவியை மேற்பார்வையாளர் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதையும், ஒவ்வொரு தடவையும் அவனிடம் போய்க் கேட்க வேண்டியிருப்பதையும், கேட்டால் அவன் கடிகாரத்தைப் பார்ப்பதையும் சொன்னாள். நிலவறையின் மின்விசிறி போன கோடையிலேயே நின்றுபோன செய்தியும் வந்தது. தோழர் எழுந்து நின்று, இது மிகவும் புதுமையான நாடக உத்தி என்று கைதட்டினான். தலைவி வீட்டுக்குப் போய்த் தன் மனுவைப் புரட்டினாள். ‘ஆதிக்கம்’ பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கழிவறைச் சாவி எங்கேயும் இல்லை.

அதைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாமல் போனது மடிப்பு மேசைக்காரியின் மகள் விஷயத்தில்தான். மூன்று வயசுக் குழந்தை, அம்மா குரல் கேட்காமல் சாப்பிட மறுத்தது. அதனால் தினமும் சாயங்காலம் மடிப்பு மேசைக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், தலைவி அந்த அம்மாவின் குரலில் “ஆ காட்டுடி என் சீனிக்கட்டி” என்பாள், அம்மா ஊட்டிவிடுவாள். நாலைந்து நாள் போனபிறகு குழந்தை அம்மாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தலைவியின் மடியில் ஏறியது. மடிப்பு மேசைக்காரி கையில் கிண்ணத்தோடு நின்றாள். அவளிடம் கோபம் இல்லை, அழுகை இல்லை. தாங்கள் ஏறிப் போகவேண்டிய படிக்கட்டைத் துடைக்கச் சொல்லப்பட்டவர்கள் நிற்பதுபோல நின்றாள். வங்கியிலிருந்து திரும்பிய அன்று தன் முகம் கண்ணாடியில் எப்படி இருந்தது என்று தலைவிக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்தச் சாயங்காலம் அதற்குமேல் அவள் பேசவில்லை. பேச எதுவும் தோன்றாமல் போனது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுவின் விசாரணை நாள் வந்தது. தொழிலாளர் அதிகாரிக்கு ஜலதோஷம். ஓட்டல் மேலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு மிகப் பணிவாகச் சொன்னார்: “சார், குறை இருந்தா இவங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்களா? வாரக்கணக்கா ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலை. குறையெல்லாம் இந்தப் பொண்ணுக்குத்தான், அவ எங்க ஓட்டல்ல வேலையே பாக்கலை.” அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டு, மனு கொடுத்தவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவேன் என்றார். தலைவி எழுந்துவிட்டாள். “சார், இவங்களுக்காக நான்…” என்றவள், மேலாளர் முகம் மலர்வதைப் பார்த்தாள். தன் வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ரசிகர் அவர்தான் என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி ரோலர் அக்காவைப் பார்த்து, “இந்த மெஷின்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?” என்று கேட்டார். பதினொன்று. தலைவிக்குத் தெரியும். மனுவில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாள். அந்தப் பதினொன்று நெஞ்சிலிருந்து எழும்பிப் பல்வரிசையில் வந்து முட்டியது. கேள்வி ஒன்று அறையின் நடுவே கேட்பாரற்றுக் கிடக்க, அவள் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, உதட்டைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தாள். சிறை சென்றவர்கள், தடியடி பட்டவர்கள் எல்லோரும் செய்த தியாகத்துக்கு இது சற்றும் குறைந்ததல்ல என்று ஒரு யோசனை வந்தது. உடனே, சும்மா இருப்பதற்கே இவ்வளவு பெருமையா என்று இன்னொரு யோசனையும் வந்து அதை உட்காரவைத்தது. அதிகாரி பேனாவை மூடப்போனார். அப்போது ரோலர் அக்கா இருமினாள். இருமல் சத்தத்தோடு வந்தது.

“பதினோரு வருஷம் சார்” என்றாள். “மூணு மாசம் விட்டுட்டேன், பிரசவத்துக்கு. அதையும் கழிச்சுக்கங்க.” இந்த மூன்று மாதம் மனுவில் இல்லை. அதன்பிறகு பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் இறங்குவதுபோலக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைவியின் தொண்டையிலிருந்து இறங்கி அவரவர் இடத்துக்குப் போயின. ஆறு பேரும் ஒரே சமயத்தில் பேசியதால் அதிகாரி மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. மடிப்பு மேசைக்காரி மட்டும், “ஒரு நிமிஷம் சார்” என்று போனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, குழந்தையிடம் கொடுக்கச் சொல்லி, “அம்மாடி. சாப்பிட்டியா?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் அதையும் சாட்சியத்தில் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு ஏழு பேருக்கும் சாதகமாக வந்தது. எல்லோரும் ஆபரேட்டர், ஒரே சம்பளம். தலைவியின் மேடை துண்டறிக்கை அச்சடித்தது. தோழர் மகிழ்ச்சியடைந்ததற்காக மன்னிப்புக் கேட்டான். அடுத்த திங்கட்கிழமை ஓட்டல் நிர்வாகம் ஆண்கள் அனைவரையும் சீனியர் ஆபரேட்டர் ஆக்கியது. நகரம் குரல் விஷயத்துக்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ‘உங்களுக்காக நான்’ என்று யாராவது கூட்டத்தில் எழுந்தால் முன்வரிசைக்காரர்கள் தொண்டையைப் பொத்திக்கொண்டார்கள். மருந்துக்கடைகளில் அதற்கென்றே மப்ளர் வந்தது, விலை அதிகமில்லை, துவைத்தால் சாயம் போகும்.

சீனியர் விவகாரத்துக்கும், கழிவறைச் சாவிக்கும் ஏழு பெண்களும் புது மனு கொடுத்தார்கள். அவர்களே எழுதினார்கள், முக்கால் பக்கம் வந்தது. விசாரணைக்குத் தானும் வரலாமா என்று தலைவி கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கவும் செய்தாள். ரோலர் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாம்மா. உள்ள வேணாம். எங்க பையெல்லாம் வெச்சுக்கிட்டு வெளிய உக்காந்திரு” என்றாள். அந்த மனுவும் ஜெயித்தது. மூடிய கதவுக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில், ஏழு கைப்பைகளுக்கு நடுவே தலைவி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பையும் காணாமல் போகவில்லை.