மூக்கைத் தூக்கிய டிராக்டர்

நெரவிக்குத் தெற்கே ஒரு வயலில் முருகானந்தத்தின் டிராக்டர் வானத்தைப் பார்த்து நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் வேப்பங்கிளையைத் தொடுகிற உயரத்தில் இருந்தன. பின்னால் மாட்டியிருந்த ரொட்டவேட்டர் கலப்பை சேற்றில் புதைந்து, நோயாளிக்கு வைத்த தலையணைபோல் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டிய முருகானந்தம் இப்போது சீட்டில் மல்லாந்து படுத்திருந்தார். வலது கால் ஸ்டியரிங்குக்கும் மட்கார்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.

சம்பாவுக்குச் சேறடிக்க இறங்கிய வண்டி. மறுநாளோடு வாய்க்கால் தண்ணீர் முறை முடிகிறது என்ற அவசரத்தில் பள்ளமான பக்கம் விட்டு, பின்சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. பூவத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்த மச்சான் தெட்சிணாமூர்த்தி வரப்பில் நின்று பார்த்தார்.

"சக்கரத்துக்குப் பிடிமானம் இல்ல மாப்ள. பிடிமானம் குடுத்தா தானா ஏறும்."

இரண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு தென்னங்கட்டையை வைத்துச் சங்கிலியால் கட்டினார்கள். இந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் கிளட்சை மெல்ல விடுவார்கள். தெட்சிணாமூர்த்தி, "ஒரேயடியா விடு மாப்ள!" என்றார். மாப்பிள்ளையும் மரியாதை தெரிந்தவர், விட்டுவிட்டார்.

கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டது. சக்கரத்தால் சுற்ற முடியவில்லை. இன்ஜின் என்ன செய்யும், சக்கரத்துக்குப் பதிலாக வண்டியைச் சுற்றியது. மூக்கு மேலே போய், ரொட்டவேட்டர் தரையில் இடித்த இடத்தில் இன்ஜின் அணைந்து, எல்லாம் அப்படியே நின்றது.

அடியில் சேறு 'குளுக்' என்றது. வண்டி நெல்மணி அளவு பின்னால் சாய்ந்தது. முருகானந்தம் மூச்சை விடாமல் வைத்துக்கொண்டார். பின்னால் விழுந்தால் மொத்த இரும்பும் அவர் மேல்தான்.

"மாப்ள, பயப்படாதே. கயிறு போடுறேன்." மச்சான் வீசிய கயிறு பம்பரில் மாட்டவில்லை. பானட்டில் பட்டது. அந்தக் கயிற்றடிக்கே வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"மச்சான், உதவி பண்ணாதீங்க!" என்று முருகானந்தம் அலறினார். அலறியதிலும் ஒரு ஆட்டம் வந்தது.

அப்போதுதான் சிவப்ரியா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். அவர் மனைவி. தலத்தெரு டியூஷன் சென்டரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். வண்டியைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், அண்ணன் தெட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள்.

"ஏங்க, வண்டி கியர்ல இருக்கா?"

"இருக்கு. நான் குதிச்சிடவா?"

"குதிக்கணும்னா சீட்டை உதைக்கணும். நீங்க எவ்வளவு உதைக்கிறீங்களோ அவ்வளவுக்கு அது பின்னால போகும். அசையாதீங்க."

"கிளட்சை மிதிச்சா முன்னால இறங்குமா?"

"கியர்தான் இப்போ மூக்கைத் தூக்கிப் பிடிச்சிருக்கு, மிதிச்சா விட்டுடும். ஈர்ப்புமையம் அச்சுக்கு முன்னால இருந்தா இறங்கும். பின்னால போயிருந்தா…"

"எந்தப் பக்கம் இருக்கு?"

"தெரியலைங்க."

அவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் கேட்காத சொல் அது. முருகானந்தம் கிளட்சின் மேல் வைத்திருந்த இடது காலை மெல்ல விலக்கிக்கொண்டார்.

அடியில் சேறு மறுபடி 'குளுக்' என்றது.

சிவப்ரியா முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு எழும்பியபோது அள்ளிக்கொண்டு போன சேறு பம்பர் முழுக்க அப்பியிருந்தது. அதில் மண்புழுக்கள் நெளிந்தன. சேறடிக்கிற வண்டிக்குப் பின்னால் வருகிற கொக்குக் கூட்டம், அலறல் கேட்டுக் கூடிய அக்கம்பக்கத்து வயல்காரர்களின் சத்தத்துக்குப் பயந்து அடுத்த வயலில் காத்திருந்தது.

"எல்லாரும் வரப்பைத் தாண்டிப் போங்க. கொக்கு வந்து மூக்கு மேல உட்காரட்டும். ஒருத்தரும் பேசக் கூடாது. அண்ணே, முக்கியமா நீங்க."

"கொக்கு என்ன கனம் இருக்கும்மா?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"கனம் கம்மிதான். ஆனா அச்சுலேருந்து ரொம்பத் தூரத்துல உட்காரும். போங்க."

போனார்கள். வயலில் காற்று மட்டும் இருந்தது. முதல் கொக்கு ஒரு சுற்றுச் சுற்றி, பம்பரில் இறங்கியது. முருகானந்தத்தின் முதுகுக்கடியில் இரும்பு முனகியது. இன்னொன்று. பிறகு நான்கைந்து சேர்ந்து. வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி முன்சக்கரம், விளக்கு, பானட் எல்லாம் கொக்கு. இடம் கிடைக்காத கொக்குகள் இடம் கிடைத்த கொக்குகளின் மேல் உட்கார்ந்தன. நம்பாதவர்கள் நெரவியில் விசாரிக்கலாம். விசாரித்தவர்களிடம் கொக்குகளைக் கூட்டித்தான் சொல்வார்கள், குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

'குளுக்' நின்றுவிட்டது. கிளட்சை மிதிக்கலாமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். அவள் 'இருங்க' என்று கையால் காட்டினாள். ஒரு கிழக்கொக்கு தாமதமாக வந்து விளக்கின் மேல் நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்தது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையைத் துடைக்கவும் அவருக்குத் துணிவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயல்காரர் செம்பியனின் செல்போன் மேளதாளத்தோடு அலறியது.

அத்தனை கொக்கும் ஒரே நொடியில் கிளம்பின. கனம் போய்விட்டது, கதை முடிந்தது என்று முருகானந்தம் கண்ணை மூடினார்.

"மிதிங்க!" என்று கத்தினாள் சிவப்ரியா.

மிதித்தார். பறக்கிறவை எதையாவது உதைத்துவிட்டுத்தானே பறக்க வேண்டும். அத்தனை ஜோடிக் காலும் கீழே உதைத்த உதையில் மூக்கு தடதடவென்று இறங்கி, சேற்றில் 'தொப்' என்று விழுந்தது. தெறித்த சேறு வரப்பைத் தாண்டி ஒளிந்திருந்தவர்கள் முகம் வரை போனது.

முருகானந்தம் காலை உருவிக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவு சேற்றில் நிற்க முடியாமல் சக்கரத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டார். சிவப்ரியா சுடிதாரோடு சேற்றில் இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"கொக்கு கிளம்பும்போது உதைக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பறந்த பிறகுதாங்க தோணுச்சு."

தெட்சிணாமூர்த்தி முகத்துச் சேற்றை வழித்துவிட்டு அருகில் வந்தார். வண்டி முன்பு இருந்த அதே பள்ளத்தில் அச்சு வரை புதைந்திருந்தது.

"தப்பு எங்கன்னு புரிஞ்சிடுச்சு மாப்ள. கட்டையைப் பின்பக்கமா கட்டி, ரிவர்ஸ்ல ஒரேயடியா…"

சிவப்ரியா வண்டிச் சாவியை உருவி எடுத்துக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்து வரப்பில் ஏற்றினாள்.