மாதிரி அனுப்பியவர்

பெற்ற அப்பனைக் கூடத்தில் கிடத்திவிட்டு எந்த மகளாவது ஊட்டி பஸ்ஸுக்கு ஓடுவாளா? ஹன்னா ஓடினாள். காலையில் செய்தி கேட்டு அலறியடித்துக்கொண்டு ஊட்டியிலிருந்து குன்னூர் வந்தவள், வந்த இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். சர்ச்சிலிருந்து வந்திருந்த பெண்கள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் போவதைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் கைப்பையில் இருக்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பொட்டலத்தைக் கண்டெடுத்தவன் தம்பி ஜெர்சன். அப்பா தனசிங்குக்குக் கோட்டு போட்டுவிடும்போது உள்பையில் அது கையில் தட்டுப்பட்டது. பழுப்புக் காகிதத்தில் நாலாய் மடித்து, நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய பொட்டலம். ஒரு மூலையில் காகிதம் கிழிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவன் அதை யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அக்காவைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அடுப்புல போட்டறட்டுமாக்கா?"

விஷமோ என்ற அவன் பயத்தில் நியாயம் இருந்தது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சுவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இரண்டு வருடமாக அப்பாவின் நெஞ்சுக்கு மாத்திரை கொடுத்தவர்தான். ஆனால் போன மாதம் சோலூர்ப் பக்கம் ஒரு விவசாயி, தேயிலை விலை பாதாளத்துக்குப் போன துக்கத்தில் பூச்சிமருந்தைக் குடித்திருந்தார். அப்பாவுக்கும் அதே விலைதான் எமன். அவர் முப்பது வருடம் இலையைத் தூளாக்கும் பக்குவம் பார்த்து டீ மேக்கராக இருந்த ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கொல்லை பெஞ்சில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்ப்பதுதான் அவர் வேலை.

இதற்குமேல் அம்மா ஒன்று சொன்னாள். சமையலறை மூலையில், அழாமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"காலைல ரெண்டாவது டீ கேட்டாரு கண்ணு. வேலைக்குப் போற ஆம்பளைக்குத்தான் ரெண்டாவது டீன்னு சொல்லிப்போட்டேன்."

அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறார். அம்மா தபித்தாள் செய்த முதல் காரியம், அவர் காலடியில் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தது. ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். பொட்டலத்தையும் அவள் பார்த்துவிட்டாள். அது என்ன என்று கேட்கவில்லை. கேட்காமலே மிச்ச ஆயுளுக்கும் அதைச் சுமந்துகொண்டிருப்பாள், அவள் சுபாவம் அப்படி. அதனால்தான் ஹன்னா ஓடினாள்.

பஸ் ஊர்ந்தது. அருவங்காட்டில் நின்றது, கேத்தி பிரிவில் நின்றது. கேரட் மூட்டை ஏற்றுகிறேன் என்று ஒரு ஆள் கண்டக்டரோடு மல்லுக்கட்டினான். ஹன்னாவுக்கு இறங்கி நடந்தே போய்விடலாமா என்றிருந்தது. பையைத் திறந்து பொட்டலம் இருக்கிறதா என்று எத்தனை தடவை பார்த்தாளோ. பக்கத்துச் சீட்டு அம்மாள், ஏதோ நகை வைத்திருக்கிறாள் போல என்று நினைத்திருப்பாள்.

அவள் வேலை பார்ப்பது ஊட்டியில் ஒரு மருந்தியல் கல்லூரி லேபில். சனிக்கிழமை, லீவு. வாட்ச்மேன் குமாரசாமி, ஏனுங்க மேடம் இன்னைக்கு, என்று கேட்டபடியே கேட்டைத் திறந்துவிட்டார். அவள் நேரே லேபுக்கு ஓடினாள்.

சீட்டு எழுதாமல் எந்தப் பொருளையும் மெஷினில் வைக்கக் கூடாது. இத்தனை பதற்றத்திலும் கை தானாகச் சீட்டை எடுத்தது. மாதிரி: வெள்ளைத் தூள். அனுப்பியவர் என்ற இடத்தில் பேனா நின்றது. முடிவு அனுப்பியவர் கையில்தான் போய்ச்சேர வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. அதுவும் லேப் சட்டம்தான். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

பிறகு நூலை அவிழ்த்தாள். அவிழ்வேனா என்றது. நூல் இருந்த இடமெல்லாம் காகிதத்தில் பள்ளம் விழுந்து, முடிச்சுக்குள் அழுக்கு இறுகிப்போயிருந்தது. கட்டிய நாளிலிருந்து யாரும் இதைப் பிரிக்கவில்லை. உள்ளே பொட்டலம் நிறைய வெள்ளை வெள்ளையாக, பஞ்சு மாதிரி, மெல்லிய ஊசிகள். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் விஷம் வாங்கிக் கட்டி வைத்திருந்தார் என்றாலே அம்மாவுக்கு அது போதாதா?

ஒரு சிட்டிகையை உப்புப் பொடியோடு அரைத்து, அழுத்தி, கண்ணாடி மாதிரி மெல்லிய வில்லையாக்கி மெஷினில் வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒளி வில்லை வழியே போகும். ஒவ்வொரு பொருளும் அந்த ஒளியில் தனக்கென்று சில இடங்களை விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடமெல்லாம் மெஷின் தாளில் போடும் கோட்டில் பள்ளமாக விழும். மனுஷன் பொய் சொல்வான், அந்தக் கோடு சொல்லாது.

மெஷினின் பேனா நகர்ந்தது. தாள் முழுக்க ஒரே பெரிய பள்ளம், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு. வில்லையைப் பார்த்தாள், பால்போல் வெளுத்திருந்தது. தண்ணீர்! ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி நிற்கிறது. உப்பை விளக்கடியில் காயவைக்காமலே அரைத்துவிட்டாள். இந்தத் தப்புக்காக அவள் திட்டாத பிள்ளை அந்தக் கல்லூரியில் கிடையாது. மணி ஒன்றரை.

உப்பை விளக்கடியில் பரப்பிவிட்டு, அறைக்குள் நடந்தாள். நடந்து நடந்து சுவரில் போய் முட்டிக்கொண்டாள். மறுபடி அரைத்தாள், அழுத்தினாள், வைத்தாள்.

இந்தத் தடவை கோடு சுத்தமாக வந்தது. பூச்சிமருந்துக்குப் பள்ளம் விழும் இடத்தில் எதுவும் இல்லை. அதற்குப் பதில் நடுவில் ஆழமாக இரண்டு, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்போல் பக்கத்தில் பக்கத்தில். அவள் புத்தகத்தை எடுக்கவே இல்லை. வருடா வருடம் பிள்ளைகள் டீத்தூளைக் கொதிக்கவைத்துப் பிரித்தெடுத்து, இதே மெஷினில் வைத்துப் படிக்கிற பாடம் இது.

காஃபீன். தேயிலைக்குள் இருக்கிற சரக்கு.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபேக்டரி ஆபீசிலிருந்து அப்பா போன் பண்ணினார். கல்லூரிக்கு அவர் பண்ணிய ஒரே போன்.

"தேயில காயற டிரையர் பொகக்குழாயில பஞ்சாட்டம் வெள்ளையா ஒண்ணு படியுது கண்ணு. முப்பது வருசமாச் சுரண்டிக் கொட்டறேன், என்னன்னு ஒருத்தருக்கும் தெரியல. உன்ற மெஷின்ல போட்டாத் தெரியுமா?"

எடுத்து வைங்கப்பா, வர்றப்போ வாங்கிக்கறேன் என்று சொன்னாள். பரீட்சை நேரம், சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த மாதம் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். அதற்குப்பின் அவள் எத்தனையோ தடவை வீட்டுக்குப் போனாள், சாப்பிட்டாள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவர் கேட்கவில்லை. அவளுக்கும் நினைப்பு வரவில்லை. ஐயோ அப்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று அந்தக் காலி லேபில் வாய்விட்டுச் சொன்னாள்.

மூன்றரைக்கு வீட்டு வாசலில் இறங்கினாள். பெட்டி வந்துவிட்டிருந்தது. ஜெர்சன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். அம்மா அதே மூலையில் இருந்தாள்.

"விசமில்லம்மா. டீயோடதுதான். டிரையர் குழாயில படியறது. கட்டுன கட்டு அவுக்கவே இல்ல. அவருக்கு நெஞ்சுதான் நின்னுபோச்சு."

தபித்தாள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"அத எதுக்குக் கோட்டுல வெச்சிருந்தாரு?"

அவர் போன் பண்ணியதை ஹன்னா சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையோ கணக்குக் கூட்டுகிறவள்போல் இருந்தாள்.

"நீ வார அன்னைக்கெல்லாம் அந்தக் கோட்ட எடுத்துப் போட்டுக்குவாரு. மக வர்றதுக்கு எதுக்குங்க கோட்டுன்னு நான் கேலி பண்ணுவேன்."

அம்மாவின் பாரம் இறங்கியது நிஜம். அது இறங்கி எங்கே போய் உட்கார்ந்தது என்பது ஹன்னாவுக்குத்தான் தெரியும். அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டார். ஜெர்சனும் இன்னொருவரும் மூடியைத் தூக்கினார்கள். ஒரு நிமிஷம் என்றாள் ஹன்னா. கைப்பையிலிருந்து கோடு போட்ட தாளையும் சீட்டையும் எடுத்தாள். சீட்டை முழங்காலில் வைத்து, காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினாள்: தனசிங், டீ மேக்கர். அதற்குக் கீழே அவருக்குப் புரிகிற தமிழில் முடிவை எழுதினாள். இரண்டையும் நாலாய் மடித்தாள்.

"என்னக்கா அது?" என்றான் ஜெர்சன்.

"ரிப்போர்ட்டு."

கோட்டின் உள்பையில் அதை வைத்து, மேல்பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு மூடியை வைக்கச் சொன்னாள்.