அஞ்சலிக்குக் கீழே ஒரு பட்டை

அப்பாவின் இடது காதைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் சுகுணா. கண்ணீர் அஞ்சலிக்காகப் போனில் அவர் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் தெரிந்த மிளகுக் கொடியை விரல் நுனியால் அழித்தாள். இலை போனபோது காதும் கொஞ்சம் போய்விட்டது, மறுபடி கொண்டுவந்தாள். நாலு எட்டு தள்ளி, வாசல் பந்தலில், அதே காதில் பஞ்சு வைத்து அவரைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள்.

"ஆச்சா?" என்றான் அண்ணன் சதீஷ்குமார். "அடிவாரத்துக் காரவள்ளிச் சனமெல்லாம் பாத்துட்டு பஸ் ஏறோணும். சாயங்காலம் எடுத்தாகோணும்." எட்டிப் பார்த்தவன் முகம் சுளித்தான். "பல்லுத் தெரியச் சிரிக்கறாரு. வேற போட்டோ இல்லியா?"

வேறு இல்லை. இதுவும் அவள் விளம்பரத்துக்கு எடுத்ததுதான்.

நாமக்கல் பிளெக்ஸ் கடையில் அடிமாட்டுச் சம்பளத்துக்கு மாரடித்தது போதும், இனி வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்கிறேன் என்று மலைமேல் இருக்கும் தன் ஊரான ஆலத்தூர் நாட்டுக்குத் திரும்பி வந்தவள் சுகுணா. கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு என்று மாதிரிகள் செய்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் விடாமல் போட்டாள். லைக் வந்தது, வேலை வரவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் சொந்தக்காரர்கள். அவர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

"பாற மேல குந்திப் போனத் தடவுனா சோறு வருமா, மில்லுக்கு அனுப்புங்க" என்று சித்தப்பா ஊரைக் கூட்டியபோதெல்லாம், "எம்புள்ள தொழில் பண்றா, நீ உன் சோலியப் பாரு" என்று வாயடைத்தவர் அப்பா அர்த்தனாரி ஒருவர்தான். வாழ்த்து மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும் என்றதும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, மிளகுக் கொடி முன்னால் நின்று சிரித்தார். இன்று விடியற்காலையில் அவர் மூச்சு நின்றது. அழுகைக்கு நடுவிலேயே அண்ணன் சொல்லிவிட்டான்: "காரியம் முடிஞ்சதும் மில்லுக்குக் கெளம்பு சாமி. இனி என்னால முடியாது." அப்பாவுக்காக அழுவதா, மில்லை நினைத்து அழுவதா என்று தெரியாமல் அவளுக்கு அழுகையே வரவில்லை. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

வீட்டில் டவர் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருக்கும் பாறைக்கு ஓடி, கிடைத்த ஒரு கோடு சிக்னலில் அஞ்சலிப் படத்தை எல்லாக் குரூப்புக்கும் அனுப்பினாள். குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள். அவசரமாக இறங்கிவிட்டாள்.

எந்த டிசைனையும் அவள் இரண்டாகச் சேமித்து வைப்பாள். காசு கொடுப்பவர்களுக்குச் சுத்தமாக ஒன்று. சும்மா செய்து தருவதற்கு, அடியில் தன் பேரும் போன் நம்பருமாக மஞ்சள் பட்டை போட்டு இன்னொன்று; சுற்றுகிற இடமெல்லாம் விளம்பரம் ஆகட்டும் என்று. இதுவரை போனதெல்லாம் சும்மா போனதுதான் என்பதால், கை தன் பழக்கத்தில் பட்டை போட்டதையே அனுப்பியிருந்தது.

டவர் கிடைக்கும் மேட்டு ரோட்டிலிருந்து வந்த சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துப் பந்தல் முழுக்கக் கேட்கும்படி படித்தார். "கண்ணீர் அஞ்சலி. அதுக்குக் கீழ, 'சுகுணா டிசைன்ஸ். உங்கள் இல்ல விசேஷங்களுக்கு உடனே அழையுங்கள்.' எங்கண்ணன் சாவுல யாவாரம் பண்றயா?"

ஒப்பாரி நின்றது. அண்ணன் போனை வாங்கிப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"போயி அழிச்சுட்டு வா" என்றான்.

"என்ன கண்ணு எழுதிருக்குது?" என்றாள் அம்மா ராமாயி. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எம் பேரும்மா."

"அப்பன் படத்துக்குக் கீழ மக பேரு இருந்தா என்னவாம்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டினாள்.

சுகுணா பாறையேறி ஒவ்வொரு குரூப்பாக அழித்தாள். அழித்து என்ன? பக்கத்துப் பெரக்கரை நாட்டுக்காரர்கள்வரை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். எல்லார் போனிலும் அப்பா மஞ்சள் பட்டை மேல் நின்று சிரித்தார். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தது.

"ஏனுங்க, சுகுணா டிசைன்ஸுங்களா? ராசிபுரத்துல இருந்து பேசறனுங்க." கட்டிப்போன குரல். "எங்கம்மா காத்தால தவறிட்டாங்க. ஸ்டேட்டஸ்ல ஒரு பெரியவரு படம் பாத்தனுங்க. அதே மாதிரி ஒண்ணு வேணும். எவ்வளவுன்னாலும் குடுத்தர்றனுங்க."

இன்றைக்கு முடியாது, அது எங்கப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒருவர் வேலை கேட்டு அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. இதை விட்டால் மில்தான்.

"போட்டோ அனுப்புங்க" என்றாள்.

"அவரு சிரிச்சாப்ல இருக்கறது மனசுக்கு நல்லாருக்குதுங்க. அம்மாளுதும் அப்படித் தேடி அனுப்பறேன். யாருங்க அவரு, உங்களுக்கு வேண்டியவருங்களா?"

"இல்லீங்க. மாதிரிக்குப் போட்டதுங்க. எப்ப வேணுங்க?"

"எடுக்கறதுக்குள்ள."

கீழே மேளம் வேகமெடுத்தது. "சுகுணா, வாய்க்கரிசி போட வா" என்று அண்ணன் கூப்பிடுவது கேட்டது.

"வாரேண்ணா" என்று குரல் கொடுத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். டிசைனைத் திறந்து, மாலைக்கு நடுவிலிருந்த அப்பாவை எடுத்தாள். அந்த இடம் கறுப்பாக இருந்தது. ராசிபுரத்து அம்மாளின் படம் முழுசாக இறங்காமல் இன்னும் மங்கலாகவே சுற்றிக்கொண்டிருந்தது.