கத்திக்குக் குறுக்கே பாய்ந்தவர்

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான், நாகசுப்பிரமணியன். என் மகன் சௌந்தர். மருமகள் காளீஸ்வரி. என் தம்பியின் பேரன் ராம்குமார். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வெள்ளத்துரை. அவருடைய டிரைவர் மாரிக்கண்ணன். சௌந்தரின் செக்யூரிட்டி ஏஜென்சியில் காவலராக இருக்கும் நரிக்குடி இருளப்பசாமி. வேறு யாரும் இல்லை. தெருப்பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

வெள்ளத்துரைக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. சௌந்தர் கோயம்புத்தூரில் ஒரு காவல் நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்து சொந்தமாக ஏஜென்சி தொடங்கினான். மில் மில்லாக ஏறி இறங்கினான். ஆட்கள் எப்படி, பயிற்சி எப்படி என்று எந்த மில்லிலும் கேட்கவில்லை. "யாரு சொல்லி வந்தீங்க?" என்றுதான் கேட்டார்கள். அவனுக்காகச் சொல்ல யாரும் இல்லை. வெள்ளத்துரைதான் ஒரு மில்லுக்குப் போன் போட்டு, "நம்ம பையன், நல்ல குடும்பம்" என்றார். முதல் கேட் காவல் வேலை அப்படிக் கிடைத்தது. இன்று நாற்பது பேர் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

அதற்கு அவர் பணம் கேட்கவில்லை. அவர் விழாக்களுக்குப் போகும்போது நான்கு பேர் யூனிஃபார்மில் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அவரை அடிக்க இந்தத் தாலுகாவில் யாரும் காத்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆள் நடந்தால் கூட்டம் விலகும். அந்த விலகல் அவருக்கு வேண்டியிருந்தது.

முந்தின நாள் எங்கள் தெரு சௌடம்மன் கோயிலில் சக்தி அழைப்பு. கிணற்றடியிலிருந்து அம்மனைக் கும்பத்தில் அழைத்து வருவோம். அவள் இலேசில் வரமாட்டாள். எங்கள் பிள்ளைகள் இரண்டு கையிலும் கத்தியை ஏந்தி, மார்பில் மாறி மாறி அடித்துக் கத்தி போட்டுக்கொண்டு, "தீசுக்கோ தாயே", ஏற்றுக்கொள் தாயே, என்று கூவி மன்றாடி அழைக்க வேண்டும். முதல் கத்தி போடும் உரிமை எங்கள் குடும்பத்துடையது. இந்த வருஷம் ராம்குமார் போட்டான்.

மரியாதை வாங்குவதற்காக வெள்ளத்துரை கும்பத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ராம்குமார் அருள் வந்த வேகத்தில் அவர் பக்கமாகக் குதித்து வந்தான். எங்கள் தெருக் குழந்தைகூட அந்தக் கத்தியைப் பார்த்துப் பயப்படாது. அன்று வெள்ளத்துரையோடு யூனிஃபார்மில் நடந்த நால்வரில் ஒருவர் இருளப்பசாமி; நரிக்குடியிலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? யாரும் சொல்லி வைக்கவில்லை. கையில் ஆயுதத்தோடு ஒருவன் வந்தால் யோசிக்காமல் ஆளைக் கட்டிப் பிடி என்பது சௌந்தர் கொடுத்த பயிற்சி. அவர் பாய்ந்து ராம்குமாரைக் கட்டிப் பிடித்தார். இருவரும் விழுந்தார்கள். இருளப்பசாமியின் முன்கையில் வெட்டு விழுந்தது. ராம்குமார் மண்ணில் கிடந்தபடியே இரண்டு கத்தியையும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். எங்கள் பிள்ளை அப்படித்தான் செய்வான்.

வெள்ளத்துரை ஓடினார். ஓடி, நீர்மோர்ப் பந்தலில் இருந்த அண்டாவுக்குப் பின்னால் ஒளியப் போய், அண்டா கவிழ்ந்து, வெள்ளைச் சட்டை வேட்டியெல்லாம் மோரும் கறிவேப்பிலையுமாக எழுந்து நின்றார். ஊரில் செல்போன் இல்லாத கை எது? பொழுது சாய்வதற்குள் திருச்சுழி வரைக்கும் அந்த வீடியோ போய்விட்டது.

மறுநாள் காலையில் வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார்.

"செட்டியாரய்யா, நான் கோவத்துல வரல. ஊரு சிரிக்குது. அந்த ஆளு குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலைய விட்டு நிறுத்திருங்க. குடிகாரன் பண்ணுன கூத்துன்னு போயிரும். குமாரலிங்கபுரம் குடோனுக்கு உங்க ஆளுகதான்னு நான் பேசுனது பேசுனதுதான்."

குமாரலிங்கபுரம் பக்கத்தில் புதிதாக எழும்பியிருக்கும் பெரிய குடோன் அது. அதன் காவல் வேலை கிடைத்தால் ஏஜென்சி நிமிர்ந்துவிடும். அவர் முகம் சுளித்தால் இருக்கிற மில்களும் ஒவ்வொன்றாகக் கதவை மூடும். சௌந்தர் என் முகத்தைப் பார்த்தான். எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட பேச்சுக்கு நான்தான் பதில் சொல்வது.

"நீங்க செஞ்ச உதவிய நாங்க மறக்கல. ஆனா எங்க அம்மன் முன்னால குடிச்சவன் நின்னான்னு என் வாயால வராது" என்றேன்.

"அப்ப வெள்ளத்துரை பயந்தாங்கொள்ளின்னு ஊரு சொல்லட்டுமா?"

"அவருகிட்ட சாராய நாத்தம் இல்லங்க" என்றான் ராம்குமார். "கட்டிப் புடிச்சப்ப மூஞ்சிக்கு நேரா மூஞ்சி. வெத்தல வாசந்தான் அடிச்சது."

"நீ சும்மா இருப்பா. கத்தியத் தூக்கிட்டு வந்ததே நீதான்."

சுவரோரம் நின்றிருந்த இருளப்பசாமி தொப்பியைக் கழற்றினார். முன்கையில் கட்டுப் போட்டிருந்தது. "ஐயா, குடி எனக்குப் பழக்கமில்ல. ஆனா என்னால நாப்பது பேரு சோத்துல மண்ணு விழ வேணாம். குடிச்சிருந்தான்னே சொல்லிக்கங்க. நா ஊருக்குப் போறேன். ஆடு கெடக்கு, மேச்சுக்கிறேன்."

தொப்பியை ஸ்டூலின் மேல் வைத்தார். அது சரிந்து வெள்ளத்துரையின் காலடியில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அடுப்படி வாசலிலிருந்து காளீஸ்வரி பேசினாள். வீட்டில் எங்களுக்குள் கன்னடம்தான். அவள் தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

வெளியாட்கள் முன்னால் மருமகள் குறுக்கே பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

"கத்தின்னு தெரிஞ்சும் உங்களுக்காகக் குறுக்க பாஞ்சவரக் குடிகாரன்னு சொல்லி அனுப்பிட்டா, நாளைக்கு நெசமாவே ஒருத்தன் அருவாளோட வந்தா எங்க ஆளு எவன்ணே முன்னால வருவான்? உங்களுக்கு முந்தி அவங்கதான் மோர் அண்டாவுக்குப் போவாங்க."

சௌந்தர் கண்ணை மூடிக்கொண்டான். வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏலே மாரி, சிரிக்கியா?"

"இல்லண்ணே, இருமல்."

"இருமலு! ஒன் போன எடு. அந்த வீடியோவப் போடு."

மாரிக்கண்ணன் பயந்துகொண்டே நீட்டினார். வெள்ளத்துரை ஒரு முறை பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். அதுவரை அந்த வீடியோவில் அவர் தன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இப்போது அவர் விரல் திரையின் இன்னொரு மூலையில் இருந்தது.

"வெட்டு விழுந்த பெறகும் புடிய விடலையே இந்த ஆளு" என்றார். பிறகு இருளப்பசாமியை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்யா, கத்தியப் பாத்தா ஒமக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான் ஐயா. பயந்துதான் கண்ண மூடிட்டுப் பாஞ்சேன்."

வெள்ளத்துரை சிரித்துவிட்டார். உடம்பு குலுங்கச் சிரித்தார். "நாம ரெண்டு பேரும் பயந்திருக்கோம். நீ முன்னால ஓடிருக்க, நான் பின்னால ஓடிருக்கேன்." சௌந்தர் பக்கம் திரும்பி, "சாயங்காலம் ஒன்றியக் கூட்டத்துக்கு இவர அனுப்பு. மேடையில சால்வை போடுறேன். எனக்காகக் கத்திக்குக் குறுக்க பாஞ்ச ஆளுன்னு நானே சொல்றேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்" என்றார்.

உயிரைக் கொடுக்க ஆள் வைத்திருக்கும் தலைவர் என்ற பெயர் அவருக்கு வரும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அரசியல்காரர் நஷ்டத்துக்குச் சால்வை வாங்கமாட்டார். இருந்தாலும், ஓர் ஏழையைக் குடிகாரனாக்கித் தன் மானத்தை மீட்டுக்கொள்ள வழி இருந்தும் அவர் அந்த வழியில் போகவில்லை. அதற்காக அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன், நின்றபடி.

பிறகு நான் எழுந்து, தரையில் கிடந்த தொப்பியை எடுத்து, தூசியைத் தட்டி, இருளப்பசாமியின் கையில் கொடுத்தேன். "போட்டுக்கங்க. இது எங்க வீட்டுத் தொப்பி. நீங்க போட்டாத்தான் அதுக்கு மரியாதை." அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வெள்ளத்துரை செருப்பில் காலை நுழைக்கும்போது திரும்பி, "ஏம்மா, மோர் இருக்கா? குளிக்கிறதுக்கு இல்ல, குடிக்க" என்று கேட்டார். காளீஸ்வரி பெரிய டம்ளர் நிறையக் கொண்டு வந்தாள். மாரிக்கண்ணனின் இருமல் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

சால்வை போட்டார்கள். குடோன் வேலையும் வந்தது. இருளப்பசாமி அங்கே கேட் பொறுப்பாளராக இருக்கிறார். அடுத்த வருஷம் சக்தி அழைப்புக்குக் கும்பத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கோயில் சார்பில் நானே போய் அழைத்திருக்கிறேன். காளீஸ்வரியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சௌந்தர் ஏஜென்சி விஷயமாக என்னிடம் வந்து நின்றால், "அவளையும் கூப்பிடு" என்கிறேன். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குகிறோம்.

இதை எழுதக் காரணம் ஒன்றுதான். பக்கத்துப் பாளையம்பட்டி டீக்கடைகளில், நாகசுப்பிரமணியன் வெள்ளத்துரையின் காலில் விழுந்து குடோனை வாங்கினான், ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம். நான் யார் காலிலும் விழவில்லை. தொப்பியை எடுக்கக் குனிந்தேன்.