துறையில் கட்டிய இரண்டு படகுகள்

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் ஆட்டக்கூடத்தில் புது மெஷின் வந்து இறங்கிய அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கூடத்துக்காரர் அட்டையைக் கிழிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தூக்கி நிறுத்த மட்டும் ஒருவரும் கை கொடுக்கவில்லை. பின்பால் என்கிற இந்தக் குண்டு தட்டும் ஆட்டம் ஆடுகிறவர்கள் அப்படித்தான். கண்ணாடிக்குக் கீழே உருளும் இரும்புக் குண்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவர்கள் கண்ணில் படாது.

மெஷினின் பெயர் 'புயல் கரை'. நிமிர்ந்து நிற்கும் பின்பலகையில் ஒரு கலங்கரை விளக்கம், கீழே கருநீலக் கடல், மூன்று மீன்பிடிப் படகுகள். படகில் இருக்கும் ஆட்களுக்கு முகம் வரையவில்லை. வரைந்தவனுக்கு நேரமில்லையோ, வேண்டுமென்றே விட்டானோ தெரியாது, பார்க்க நன்றாகவே இல்லை. ஆட்டத்தில் புயல் தொடங்கிவிட்டால் விளக்குகள் எல்லாம் அணைந்து, பலகைக்கு மேலே இருக்கும் சிறு விசிறி ஆடுகிறவர் முகத்தில் குளிர்ந்த காற்றை ஊதும். "ஃபேன் வச்ச சவப்பெட்டி" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சில்லு சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

சில்லு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். சின்ன வயதில் கையும் காலும் குச்சியாக இருந்ததால் அண்ணன் வைத்த பெயர் அது. இப்போது நாற்பதை நெருங்கி, உடம்பும் போட்டுவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. அண்ணன் லிப்ட் மெக்கானிக். அதாவது, போன வருஷம் வரை. இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகத் தொடங்கியபின், கம்பெனியில் அவனை போன் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிற வேலை. இது கையோடு நிற்காது, தோளுக்கு ஏறும், பிறகு மற்ற பக்கத்துக்கும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை அவர் சொன்னபோது சில்லுவும் அந்த அறையில் இருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் சரியாக இறங்கவில்லை.

வருஷப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் புது மெஷினில்தான் நடத்துவேன் என்று கூடத்துக்காரர் பிடிவாதமாக நின்றார். பழைய மெஷின்கள் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம், புதியது யாருக்கும் தெரியாது, அப்போதுதான் யார் நிஜமான ஆட்டக்காரர் என்று தெரியும் என்பது அவர் வாதம். இறுதிக்கு வந்து நின்றது அண்ணனும் தங்கையும்தான். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவளுக்குப் பட்டனைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

ஒரு வாரம் இருவரும் வேலை முடிந்ததும் போய்ப் பழகினார்கள். அண்ணன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் ஆடுவதைப் பார்த்தபடியே மெஷினின் விதிகளை உரித்து எடுத்தான்.

"நடுவுல இருக்கிற மீன் விளக்கெல்லாம் வெறும் கண்துடைப்பு, சில்லு. அதை எத்தன தடவ அடிச்சாலும் சில்லறதான் தேறும். வலது ஓரத்துல இருக்குல்ல, துறைமுக வாய், விஷயமே அங்கதான் இருக்கு. பந்து அதுக்குள்ள போனா ஒரு படகத் துறையில கட்டினதா கணக்கு, தொடர்ந்து ஆட மெஷினே வேற பந்து குடுக்கும். கட்டுறதுக்குன்னு புள்ளி கிடையாது, ஆனா மூணு கட்டினா புயல். மூணு பந்தும் ஒண்ணா வெளிய வரும். அப்ப கலங்கரை விளக்கத்த அடிக்க அடிக்கப் புள்ளி கொட்டும்."

"இடது பக்கச் சந்து ரொம்ப மோசம்ணா. தொட்டா முழுங்கிடுது."

"அதான் அந்தப் பக்கமே போகாதங்கறேன். இன்னொண்ணு கவனிச்சியா? கட்டின படகு உள்ளேயே நிக்குது. என் முறை முடிஞ்சு உன் முறை வந்தாலும் அங்கேயேதான் நிக்குது."

அவள் கவனித்திருந்தாள். அந்த மெஷினின் குணமே அதுதான். கட்டிய பந்துகள் கண்ணாடிக்குப் பின்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வரிசையாக நிற்கும். யார் கட்டியது என்று மெஷின் பார்ப்பதில்லை. ஒருவன் பாடுபட்டு இரண்டைக் கட்டிவிட்டுப் பந்தைக் கோட்டைவிட்டால், அடுத்து வருகிறவன் மூன்றாவதைப் போட்டுப் புயலை முழுசாகத் தட்டிக்கொண்டு போகலாம். அதனால் நல்ல எதிராளி முன்னால் ஒன்றோடு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மூன்றையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். இரண்டில் விடுவது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவது போல.

பட்டனை அமுக்கினால் எழுந்து, பந்து கீழே விழாமல் தட்டுகிற சின்ன மட்டைதான் ஃபிளிப்பர்; துறைமுக வாய்க்குப் பந்து போக வேண்டுமானால் இடது ஃபிளிப்பரால் அடிக்க வேண்டும். அண்ணனின் இடது கை பட்டனை அமுக்க நினைத்து, அது அமுங்குவதற்குள் பந்து வேறு ஊருக்குப் போய்விடும். அவன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். பந்தை வலது ஃபிளிப்பரிலேயே நிறுத்தி, மெல்ல உருளவிட்டு, அடிப்பகுதிக்கு வரும்போது பின்வாக்கில் ஒரு தட்டு. பத்துக்கு நாலு போகும். சில்லுவுக்கு இடது பக்கத்திலிருந்து பத்துக்குப் பத்தும் போயிற்று. தூக்கத்தில் எழுப்பி நிறுத்தினாலும் அந்த அடியை அவள் விட மாட்டாள் என்று கூடத்துக்காரரே சொன்னார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், டயர் கடை வாசலில் அண்ணன் அவளை நிறுத்தினான்.

"ஆபீஸ்ல நான் ஜோக் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. என் ஜோக்குக்கு எவன் சிரிச்சிருக்கான்? உங்க அண்ணி என்கூட சண்டையே போட மாட்டேங்கிறா. கல்யாணமான நாள்லேருந்து ஒரு நாள் விடாம போட்டவ. நான் என்ன சொன்னாலும் சரிங்க, சரிங்கன்னு தலையாட்டுறா. வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு சில்லு."

அவன் ஒரு அடி கிட்டே வந்தான்.

"நீயாவது என்னை ஒரு ஆளா மதிச்சு ஆடு. எங்கிட்ட இருக்கிறத எல்லாம் புடுங்கு. தோத்தா தோத்துட்டுப் போறேன். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"தோத்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வச்சுக்க மாட்டேன். நீ ஆடுவியா?"

"ஆடுவேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் கூடம் நிறைந்திருந்தது. ஆளுக்கு மூன்று பந்து. அண்ணன் முதலில், அவள் இரண்டாவது. முதல் பந்தில் இருவரும் துறைப் பக்கம் போகாமல் பயந்து பயந்து ஆடினார்கள். அவள் கொஞ்சம் முன்னால் இருந்தாள்.

இரண்டாவது பந்தில் அண்ணன் ஆடியதை அங்கே இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசுவார்கள். இடது கையை வெறுமனே பட்டன் மேல் சார்த்தி வைத்துக்கொண்டு, முழு ஆட்டத்தையும் வலது கையிலேயே ஓட்டினான். பின்வாக்கில் ஒரு தட்டு, ஒரு படகு. மறுபடி நிறுத்தி, உருளவிட்டு, இன்னொரு தட்டு, இரண்டாவது படகு. யாரோ விசிலடித்தார்கள். மூன்றாவது தட்டு துறைமுக வாயின் ஓரத் தூணில் பட்டுத் திரும்பியது, நேராக இடது பக்கம் வந்தது. அந்தக் கை அசையத்தான் பார்த்தது. ஃபிளிப்பர் எழுந்தபோது பந்து அதைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

அவன் திரும்பி அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். எடுத்துக்கோ என்கிற சிரிப்பு. அதில் வருத்தம் இல்லை. சரியாக ஆடித் தோற்கிற மனுஷனின் திருப்திதான் இருந்தது. சில்லு அதைப் பார்த்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுடைய இடது கையை. அது பட்டனிலிருந்து நழுவித் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பந்தை ஏவினாள். இரண்டே அடியில் அது இடது ஃபிளிப்பருக்கு வந்து சாதுவாகப் படுத்துக்கொண்டது. எதிரே துறைமுக வாய். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கட்டிய இரண்டு பந்துகளும் பளபளவென்று நின்றன. இதைப் போட்டால் கதை முடிந்தது. போடாவிட்டால் அவனுடைய கடைசிப் பந்தில் அந்த இரண்டும் அங்கேயே இருக்கும், ஒரு தட்டு விழுந்தால் போதும், புயல் அவனுக்கு. அடுத்த வருஷம் இந்த மெஷின் முன்னால் அவனால் நிற்க முடியுமா என்பது டாக்டருக்கே தெரியாது. ஒரே ஒரு தடவை அந்தக் காற்று அவன் முகத்தில் அடிக்கட்டுமே என்று நினைத்தாள். பாவி, அதைப் பாசம் என்றே நினைத்தாள்.

பந்தை உருளவிட்டு, ஒரு மயிரிழை தாமதமாக அமுக்கினாள். அது தூணில் பட்டுத் தெறித்தது. "ச்சே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், நன்றாகவே நடித்தாள். பிறகு மீன் விளக்குகளில் கொஞ்ச நேரம் சில்லறை பொறுக்கிவிட்டுப் பந்தை இழந்தாள். புள்ளியில் இன்னும் அவள்தான் முன்னால். கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூடத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் எழுந்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பந்தை ஏவினான். அது சுற்றி வந்து, யாரோ கையில் எடுத்து வைத்தது போல, அவனுடைய வலது ஃபிளிப்பரில் நின்றது. அவனுக்குப் பிடித்த இடம், பிடித்த அடி. உள்ளே இரண்டு படகுகள் காத்துக்கொண்டிருந்தன.

அண்ணன் பட்டனிலிருந்து கையை எடுத்தான். ஃபிளிப்பர் தாழ்ந்தது. பந்து மெதுவாக உருண்டு, நடுவிலிருந்த இடைவெளியில் இறங்கிப் போனது.

தனக்கு மீதி இருந்த ஒரு பந்தை ஆட வேண்டிய அவசியமே இல்லாமல் சில்லு ஜெயித்துவிட்டாள். கூடத்துக்காரர் கோப்பையைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டு, யாரோ கூப்பிட்டது போல உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அண்ணன் உட்கார்ந்தான். பாதி வழியில் கேட்டான்.

"அந்த அடி எப்படித் தப்புச்சு?"

இந்த ஒரு இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பான், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பான், அப்புறம் எல்லாம் சரியாகியிருக்கும்.

"கை தவறிடுச்சுண்ணா."

"அப்படியா" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணன் வீட்டில் அண்ணி மேசையில் தட்டுகளை வைத்தாள். கோப்பையைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், என்ன ஆயிற்று என்று கேட்காமல் தண்ணீரை ஊற்றினாள். சில்லு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் ஸ்பூனை எடுக்கவில்லை. அவனால் முடியாது என்று இல்லை. வலது கை நன்றாகத்தான் இருந்தது, காலையில்கூட அவனே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"ஊட்டி விடு சில்லு."

"அண்ணா..."

"பசிக்குது. ஊட்டி விடு."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பாள். கம்பெனியில் அவனுடைய ஜோக்குகளுக்குச் சிரிக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவானோ, அப்படிப் பேசினான். அண்ணி தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

சில்லு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன் அள்ளினாள். லென்ஸ் வெட்டுகிற அதே கையால் அதை அவன் வாயருகே கொண்டுபோனாள். அண்ணன் பொறுமையாக வாயைத் திறந்து காத்திருந்தான்.